மாடலில் நடந்ததைப் பயனருக்கு எப்படிச் சொல்வது? (ரெயில்ஸ், ஜாங்கோ)

ஈரோட்டுத்தறி | திங்கள், காலை 10:12

வணக்கம். மொத்த ஜவுளி வியாபாரத்துக்கான ஆர்டர் செயலி ஒன்றை ரெயில்ஸ் 7-இல் (ரூபி மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்) எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியூர்க் கடைக்காரர்கள் உள்ளே வந்து போர்வை, ஜமக்காளம், துண்டு என்று எண்ணிக்கை போட்டு ஆர்டர் அனுப்புவார்கள்.

ஒருவர் 50 பவானி ஜமக்காளம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் 38 தான் இருக்கிறது. ஆர்டரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது முதலாளி போட்ட விதி. 38-ஐ உறுதி செய்துவிட்டு மீதி 12-ஐப் பாக்கியாகப் பதிய வேண்டும். இந்தக் கணக்கு ஆர்டர் மாடலில் (தரவையும் அதன் விதிகளையும் வைத்திருக்கும் கிளாஸ்), சேமிப்பதற்கு முன் தானாக ஓடும் கால்பேக்கில் நடக்கிறது. மாலை 4 மணிக்கு மேல் வரும் ஆர்டரின் அனுப்பும் தேதி தானாக மறுநாளுக்குத் தள்ளிப்போவதும் அங்கேதான்.

இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஆனால் கடைக்காரரின் திரையில் "ஆர்டர் பதிவாகிவிட்டது" என்று மட்டும்தான் வருகிறது. 12 குறைந்ததும் தேதி மாறியதும் பார்சலைப் பிரிக்கும்போதுதான் அவருக்குத் தெரிகிறது. கல்யாண சீசனில் இப்படி ஆனால் அவர் தன் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வார்?

மாடலுக்குள்ளிருந்து ஃப்ளாஷை (திரையில் ஒரு முறை செய்தி காட்டும் வசதி) அழைத்தால் அப்படி ஒரு மெத்தடே இல்லை என்கிறது. கன்ட்ரோலரில் (ரிக்வெஸ்டை வாங்கிப் பதில் தரும் பகுதி) அதே கணக்கை மறுபடி போட்டுச் செய்தி உருவாக்கலாம். ஒரே விதியை இரண்டு இடத்தில் எழுத மனம் வரவில்லை. நீங்கள் எல்லாம் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

குறுநிரல் | திங்கள், காலை 10:31

ஃப்ளாஷை மாடலுக்குள் கொண்டுவராதீர்கள். அது செஷனில் (ஒரு பயனரை ரிக்வெஸ்டுகளுக்கு இடையே நினைவில் வைக்கும் இடம்) உட்கார்ந்து, அடுத்த ரிக்வெஸ்டில் காட்டப்பட்டதும் போய்விடும் விஷயம். நாளைக்கு இதே மாடலை கன்சோலிலோ ரேக் டாஸ்கிலோ ஓட்டினால் அங்கே ரிக்வெஸ்டும் இருக்காது, செஷனும் இருக்காது.

மாடலின் எரர்ஸ் பட்டியலில் பேஸின் கீழ் (எந்தப் புலத்தையும் சேராமல் பொதுவாக) ஒரு செய்தி சேர்த்து, கன்ட்ரோலரில் எடுத்துக் காட்டுங்கள். முடிந்தது.

ஈரோட்டுத்தறி | திங்கள், காலை 10:50

அதையும் பார்த்தேன். வேலிடேஷனுக்குள் (சேமிக்கும் முன் நடக்கும் சரிபார்ப்பு) எரர் சேர்த்தால் ஆர்டரே சேமிக்கப்படுவதில்லை. கால்பேக்கில் சேர்த்தால் சேமித்துவிடுகிறது, சேவ் ட்ரூ என்றே திருப்புகிறது, ஆனால் எரர்ஸில் செய்தி நிற்கிறது. அதைக் காட்டினால் நமது பொதுப் படிவ பார்ஷியல் (பல பக்கங்களில் பயன்படும் துண்டு வார்ப்பு) சிவப்புப் பெட்டி போட்டு "ஆர்டரைச் சேமிக்க முடியவில்லை" என்ற தலைப்போடு காட்டுகிறது. சேமித்த ஆர்டரைச் சேமிக்கவில்லை என்று சொன்னால் கடைக்காரர் இன்னொரு முறை அனுப்பிவிடுவார்.

வைகைக்கரை | திங்கள், காலை 11:24

நீங்கள் பார்த்தது சரியான நடத்தைதான், அதில் பழுது ஒன்றும் இல்லை. எரர்ஸ் என்பது "இதைச் சேமிக்க முடியாது, காரணம் இது" என்பதற்கான இடம். ஒவ்வொரு முறை வேலிடேஷன் ஓடும்போதும் ரெயில்ஸ் அந்தப் பட்டியலை முதலில் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும். ஆகவே கால்பேக்கில் நீங்கள் சேர்த்த குறிப்பு, வேறு யாராவது அந்த ஆர்டரை வேலிட் தானா என்று ஒரு தடவை கேட்டாலே காணாமல் போய்விடும். அதை நம்பி எதையும் கட்ட முடியாது.

உங்கள் செயலியில் மூன்று வகைப் பதில் இருக்கிறது. கடன் வரம்பு தாண்டியதால் ஆர்டரை ஏற்க முடியாது என்பது ஒன்று. கேட்டபடியே பதிவானது என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் ரெயில்ஸில் வழி தயாராகவே இருக்கிறது: முதலாவதற்கு எரர்ஸ், இரண்டாவதற்கு சேவ் திருப்பும் ட்ரூ. மூன்றாவது, "ஏற்றுக்கொண்டேன், ஆனால் நீங்கள் கேட்டபடி அல்ல" என்பது. இதற்குத்தான் இடமே இல்லை. சேவ் ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும்தான் சொல்லும். இடையில் உள்ளதை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் எல்லாரும் எரர்ஸிலோ ஃப்ளாஷிலோ திணிக்கப் பார்க்கிறார்கள்.

நான் செய்வது இது. ஆர்டர் ஏற்பதைக் கால்பேக்கிலிருந்து வெளியே எடுத்து, சாதாரண ரூபி கிளாஸ் ஒன்றில் வைப்பேன். பெயர் "ஆர்டர் ஏற்பு" என்பது போல ஏதாவது. அது இருப்பைப் பார்க்கும், பிரிக்கும், தேதியை முடிவு செய்யும், எல்லாம் சேர்ந்தே நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற டிரான்சாக்‌ஷனுக்குள் சேமிக்கும். முடிவில் ஒரு விடையைத் திருப்பும். அந்த விடையில் ஆர்டர், வெற்றியா இல்லையா, குறிப்புகளின் பட்டியல் மூன்றும் இருக்கும். ஒவ்வொரு குறிப்பும் ஒரு குறியீடும் சில மதிப்புகளும்தான். உங்கள் எடுத்துக்காட்டில் குறியீடு "இருப்பு குறைவு". மதிப்புகள்: பொருள் ஜமக்காளம், கேட்டது 50, உறுதி 38, பாக்கி 12. வாக்கியம் எதுவும் அதில் இருக்காது.

கன்ட்ரோலர் அந்தக் குறிப்புகளை வாங்கி, மொழிக் கோப்பிலிருந்து வாக்கியத்தை எடுத்து, ஃப்ளாஷில் போடும். விதி ஒரே இடத்தில், சொல்லும் விதம் இன்னொரு இடத்தில்.

இவ்வளவு மாற்ற நேரமில்லை என்றால் மாடலிலேயே தரவுத்தளத்தில் சேராத ஒரு "குறிப்புகள்" பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். கால்பேக் அதில் சேர்க்கட்டும், கன்ட்ரோலர் படிக்கட்டும். ஒரே ஆப்ஜெக்டை இரண்டு முறை சேமித்தால் குறிப்புகள் இரட்டிக்கும், ரீலோட் செய்தாலும் இந்தப் பட்டியல் தானாக அழியாது. அதனால் கால்பேக்கின் முதல் வரியில் அதைக் காலி செய்துவிடுங்கள்.

மாலைவெயில் | திங்கள், மதியம் 12:40

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ரெயில்ஸ் 5.2-இலேயே கரண்ட் அட்ரிபியூட்ஸ் (ஒரு ரிக்வெஸ்ட் முழுக்க எங்கிருந்தும் எட்டும் பொது இடம்) வந்துவிட்டது. அதில் "செய்திகள்" என்று ஒன்று வைத்தால் எந்த மாடலிலிருந்தும் ஒரே வரியில் சேர்க்கலாம். கன்ட்ரோலரின் கடைசியில் மொத்தமாக எடுத்து ஃப்ளாஷில் போட்டுவிடலாம். ஆர்டருக்குள் வரி, வரிக்குள் பொருள், பொருளுக்குள் இருப்பு என்று நாலு அடுக்கு ஆழத்தில் நடப்பதை விடைப் பொருளாக மேலே வரை கடத்திக்கொண்டு வருவது பெரிய வேலை. சின்னக் குழுவுக்கு அது சுமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாடல் பேசவே கூடாது என்று சொல்பவர்கள் எம்விசி (மாடல், வியூ, கன்ட்ரோலர் என்று பிரிக்கும் முறை) எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். டிரிக்வே ரீன்ஸ்காவ் 1979-இல் ஜெராக்ஸ் பார்க்கில் அதை எழுதினார். ஸ்மால்டாக் மொழியில் அது வளர்ந்த வடிவத்தில் மாடல் தான் மாறியதை அறிவிக்கும், வியூ அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். மாடலை ஊமையாக்கியது பின்னால் வந்த வெப் பழக்கம்.

பனைமரம் | திங்கள், மாலை 3:05

பழைய பதிப்பில் எழுதி, பின்னர் என் குழுவிடம் வந்து சேர்ந்த ஒரு செயலியில் இதே யோசனை இருந்தது. அங்கே கரண்ட் அட்ரிபியூட்ஸ் இல்லை, நேரடியாகத் த்ரெட்டில் ஒட்டிவைத்த ஒரு பட்டியல். மாடல்கள் அதில் எழுதும், ரிக்வெஸ்ட் முடியும்போது ஒரு ஃபில்டர் துடைக்கும்.

ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். "உங்கள் கடன் வரம்பில் இவ்வளவுதான் மீதி" என்ற செய்தி. தொகை அவருடையது அல்ல, வேறொரு கடையுடையது. நடந்தது என்னவென்றால், முந்தைய ரிக்வெஸ்டில் நடுவே எக்ஸெப்ஷன் எழும்பி, துடைக்கும் ஃபில்டர் ஓடவே இல்லை. வெப் சர்வரான பூமா அதே த்ரெட்டை அடுத்த ரிக்வெஸ்டுக்குக் கொடுத்தது. பட்டியலில் மிஞ்சியிருந்தது அடுத்தவர் திரையில் வந்து விழுந்தது. லாக்கில் ஒரு தடயமும் இல்லை.

கரண்ட் அட்ரிபியூட்ஸ் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கு முன்னும் பின்னும் தன்னைத் துடைத்துக்கொள்கிறது, ஆகவே இந்த ஓட்டை அதில் அடைபட்டுவிட்டது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கடையின் தொகை இன்னொரு கடைக்குப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகு, யாருக்கான செய்தி என்று தெரியாமல் பொதுவில் எழுதிவைக்கும் எந்த ஏற்பாட்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. விடைப் பொருளாகத் திருப்பினால் அது அழைத்தவர் கையைத் தவிர வேறெங்கும் போகாது.

வைகைக்கரை | திங்கள், மாலை 3:48

மாலைவெயில், ரீன்ஸ்காவ் பற்றிச் சொன்னது சரி. மாடல் அறிவிப்பதை நானும் எதிர்க்கவில்லை. ஆனால் ஸ்மால்டாக்கில் மாடல் "நான் மாறிவிட்டேன்" என்று சொல்லும், அவ்வளவுதான். பச்சைப் பெட்டியில் காட்டு, இந்த வாக்கியத்தைக் காட்டு என்று சொல்லாது. கேட்பவர் யார் என்றே அதற்குத் தெரியாது. நான் சொல்லும் குறியீடும் மதிப்பும் அந்த வகைதான்.

இன்னொரு ஆபத்து டிரான்சாக்‌ஷன். கால்பேக் "38 உறுதி" என்று கரண்டில் எழுதிவிட்டது. அதற்குப் பிறகு வேறொரு வரியில் சிக்கல் வந்து முழுவதும் ரோல்பேக் ஆகிறது, அதாவது எதுவும் சேமிக்கப்படாமல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆர்டர் இல்லை, செய்தி மட்டும் இருக்கிறது. கடைக்காரர் சரக்கு வரும் என்று காத்திருப்பார். விடையைத் டிரான்சாக்‌ஷன் முடிந்த பிறகு கட்டினால் இது நடக்காது. இதே காரணத்துக்காகத்தான் மெயில் அனுப்புவதையும் சேமிப்புக்குப் பின் வைக்காமல் கமிட்டுக்குப் பின் (சேமிப்பு உறுதியான பிறகு) வைக்கச் சொல்வார்கள்.

கீற்றுநிலா | திங்கள், மாலை 5:20

மாடல் ஏன் வாக்கியம் எழுதக் கூடாது என்பதற்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு காரணம். ஆர்டர் பதிவானதும் கடைக்காரருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்று வருமே. இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் வார்ப்புகளை டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி டிஎல்டி எனும் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மாறும் இடங்களை மட்டும் காலியாக விட்டிருப்போம். அனுப்பும் வாசகம் வார்ப்போடு பொருந்தாவிட்டால் செய்தி போகாது. மாடல் திரைக்காக எழுதிய வாக்கியத்தை எஸ்எம்எஸ்ஸில் போட வழியே இல்லை. கேட்டது 50, உறுதி 38 என்று மதிப்புகளாக வந்தால் வார்ப்பில் பொருத்திவிடலாம்.

திரையில் காட்டும் தமிழுக்கும் இது பொருந்தும். பொருளின் பெயரை வாக்கியத்துக்குள் செருகி அதோடு வேற்றுமை உருபை ஒட்டினால் "ஜமக்காளம்ஐ" என்று வந்து நிற்கும். ஜமக்காளத்தை, போர்வையை, துண்டை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறும். நிரலால் அதை நம்பிக்கையாகச் செய்ய முடியாது. பெயரை மாற்றாமல் முன்னால் நிறுத்திவிடுங்கள். "பவானி ஜமக்காளம்: கேட்டது 50, இப்போது அனுப்புவது 38, பாக்கி 12." எந்தப் பொருள் வந்தாலும் உடையாது, கடைக்காரரும் பில்லில் படித்துப் பழகிய வடிவம் அது.

ஈரோட்டுத்தறி | திங்கள், மாலை 6:02

கீற்றுநிலா, எஸ்எம்எஸ் அடுத்த மாத வேலைப் பட்டியலில் இருக்கிறது. நல்ல நேரத்தில் சொன்னீர்கள். நன்றி.

தனி கிளாஸாக எடுக்கத் தொடங்கிவிட்டேன். நாளை சொல்கிறேன்.

யாழ்வாணி | திங்கள், இரவு 8:15

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் ஜாங்கோவில் (பைதான் மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்) இதே நிலையில் இருக்கிறேன். பணியாளர்கள் ஜாங்கோ அட்மின் வழியாகவே பொருள் விவரங்களைத் திருத்துகிறார்கள். மாடலின் சேவ் மெத்தடில் விலையை வரம்புக்குள் சரிசெய்கிறேன். அதைத் திருத்தியவருக்குச் சொல்ல வேண்டும். மெசேஜஸ் ஃப்ரேம்வொர்க் ரிக்வெஸ்ட் கேட்கிறது, சேவ்-இல் ரிக்வெஸ்ட் இல்லை.

வைகைக்கரை | திங்கள், இரவு 9:01

யாழ்வாணி, குறுக்கீடு ஒன்றுமில்லை, இழைக்குப் பொருத்தமான கேள்விதான்.

அட்மினில் மாடலுக்கு வெளியே உங்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. மாடல் அட்மின் கிளாஸில் சேவ் மாடல் என்ற மெத்தடை மேலெழுதுங்கள். அதற்கு ரிக்வெஸ்டும் ஆப்ஜெக்டும் படிவமும் சேர்ந்தே வரும். அங்கே வழக்கம்போல் சேமித்துவிட்டு, படிவத்தில் வந்த விலையையும் ஆப்ஜெக்டில் இப்போது உள்ள விலையையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் மெசேஜ் யூசர் மெத்தடை வார்னிங் நிலையில் அழையுங்கள். "பதிவானது" என்ற வழக்கமான செய்தியும் கூடவே வரும்.

ஆனால் விலையைச் சொல்லாமல் மாற்றுவதை முதலில் யோசியுங்கள். வரம்பு மீறிய விலை தவறு என்றால் மாடலின் கிளீன் மெத்தடில் வேலிடேஷன் எரர் எழுப்புவதுதான் முறை. குறியீடும் பாராமீட்டரும் அதிலேயே கொடுக்கலாம், புலத்தின் பெயரோடு சேர்த்து எழுப்பினால் படிவத்தில் அந்தப் புலத்துக்கு அருகிலேயே காட்டும். ஜாங்கோவில் பலர் இடறும் இடம் இதுதான்: சேவ் அழைத்தால் ஃபுல் கிளீன் தானாக ஓடாது. மாடல் ஃபார்ம் வழியாக வந்தால்தான் ஓடும், அட்மின் மாடல் ஃபார்மையே பயன்படுத்துவதால் அங்கே பிரச்சினை இல்லை. ஷெல்லிலிருந்தோ இறக்குமதி நிரலிலிருந்தோ சேமித்தால் நீங்களே அழைக்க வேண்டும்.

யாழ்வாணி | திங்கள், இரவு 9:30

கிளீனுக்கே மாற்றிவிட்டேன். விலையை நிரல் மாற்றுவதைவிட ஆளே பார்த்துத் திருத்துவது நல்லது என்று பணியாளர்களும் சொல்கிறார்கள். மிக்க நன்றி.

ஈரோட்டுத்தறி | செவ்வாய், மதியம் 1:17

தனி கிளாஸ் வேலை செய்கிறது. ஒரு ஆர்டருக்கு ஒன்றிரண்டு குறிப்பு என்றால் அழகாக வருகிறது. இன்று சோதனைக்கு ஒரு பெரிய ஆர்டர் போட்டேன். ஏறக்குறைய எல்லா வரியிலும் இருப்பு குறைவு. குக்கி ஓவர்ஃப்ளோ என்று 500 பிழை. ஆர்டர் மட்டும் சேமிக்கப்பட்டிருக்கிறது.

குறுநிரல் | செவ்வாய், மதியம் 1:25

ஃப்ளாஷ் செஷனில் இருக்கிறது, ரெயில்ஸ் செஷன் இயல்பாகக் குக்கியில் இருக்கிறது, குக்கிக்கு 4 கேபி எல்லை. யுடிஎஃப் 8-இல் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட் ஆகும், குறியாக்கம் செய்த பிறகு இன்னும் பெருகும். சீக்கிரம் நிரம்பிவிடும். செஷனைத் தரவுத்தளத்துக்கோ ரெடிஸுக்கோ மாற்றினால் போதும்.

வைகைக்கரை | செவ்வாய், மதியம் 2:10

செஷனை மாற்றினால் பிழை நிற்கும், சரிதான். ஆனால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஈரோட்டுத்தறியின் முதல் பதிவிலேயே இது இருந்தது.

கடைக்காரருக்கு 12 குறைந்தது எப்போது தேவைப்படும்? பட்டனை அழுத்திய அந்த நொடியில் மட்டுமா? மாலையில் கணக்குப் பார்க்கும்போது தேவை. பார்சல் வந்து எண்ணும்போது தேவை. கடையில் ஆர்டர் போட்டது பையன், சரக்கைப் பிரிப்பது அப்பா என்றால் அந்த ஃப்ளாஷை அப்பா பார்த்திருக்கவே மாட்டார். ஒரு முறை காட்டிவிட்டு மறைந்துபோகும் இடத்தில் இதை வைப்பதே சரியில்லை. கேட்ட அளவு, உறுதி செய்த அளவு, பாக்கி, தேதி தள்ளிப்போன காரணம் எல்லாமே அந்த ஆர்டரின் விவரங்கள். ஆர்டர் வரியில் கேட்ட அளவுக்கும் உறுதியான அளவுக்கும் அட்டவணையில் தனித்தனிப் பத்திகள் (நெடுவரிசைகள்) வையுங்கள். கேட்ட 50-ஐ அழித்து அதன்மேல் 38 எழுதினால் அவர் 50 கேட்டதற்கு உங்களிடமே சாட்சி இருக்காது.

அப்படிச் செய்தால் ஆர்டர் பக்கமே எல்லாவற்றையும் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் காட்டிவிடும், எத்தனை முறை திறந்தாலும். ஃப்ளாஷில் ஒரே வரி போதும்: "ஆர்டர் பதிவானது. சில பொருள்கள் முழுதாக இல்லை, கீழே பாருங்கள்." 4 கேபி பற்றி யோசிக்கவே வேண்டாம். மாடலிலிருந்து செய்தி அனுப்புவது எப்படி என்ற கேள்வியிலும் பாதி இத்துடன் தீர்ந்துவிடுகிறது. மாடல் தன் வேலையைச் செய்து உண்மையைப் பதிந்துவைத்தாலே போதும், வியூ அதைப் படித்துக்கொள்ளும்.

மாலைவெயில் | செவ்வாய், மதியம் 2:44

இது எனக்குச் சரியாகப் படுகிறது. கேட்ட அளவும் உறுதியான அளவும் தனிப் பத்தியாக இருந்தால் நாலு அடுக்குக் கடத்தல் பற்றிய என் கவலையும் பெரும்பாலும் போய்விடுகிறது. பதியத் தேவையில்லாத சின்னச் சின்ன அறிவிப்புகளுக்குக் கரண்டையே வைத்துக்கொள்வேன், அதில் நான் மாறவில்லை.

விழிவழி | செவ்வாய், மாலை 4:36

காட்டும் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. திரைவாசிப்பான் வைத்து வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பல செயலிகளில் செய்தி மூலையில் எழும்பி சில நொடியில் மறைந்துவிடுகிறது. வாசிப்பான் அங்கே வருவதற்குள் அது இல்லை. "12 பாக்கி" போன்ற செய்தியைத் தானாக மறைய விடாதீர்கள். வலைத்தள அணுகல் நெறிமுறையான டபிள்யூகேக் 2.1-இல் (2018) 4.1.3 என்ற விதி, இப்படிப்பட்ட நிலைச் செய்திகளைக் குவியம் (ஃபோகஸ்) நகராமலே உதவிக் கருவிகள் அறியும்படி குறிக்கச் சொல்கிறது. சாதாரண அறிவிப்புக்கு ரோல் ஸ்டேட்டஸ், உடனே கேட்க வேண்டியதற்கு ரோல் அலர்ட்.

ஆனால் ரீடைரக்ட் ஆகிப் புதுப் பக்கம் திறக்கும்போதே செய்தி உள்ளே இருந்தால் வாசிப்பான் அதைத் தானாக வாசிக்கும் என்று நம்ப முடியாது. அந்தக் குறிகள் பக்கம் திறந்தபின் நடக்கும் மாற்றத்துக்கானவை. படிவப் பிழை என்றால் பிரிட்டன் அரசின் வடிவமைப்பு முறையைப் பாருங்கள். பிழைச் சுருக்கத்தைப் பக்கத்தின் மேலே வைத்து, குவியத்தை அங்கே கொண்டுபோகிறார்கள். பக்கத் தலைப்பின் முன்னாலும் பிழை என்று சேர்க்கிறார்கள். எனக்கு முதலில் கேட்பது தலைப்புதான், அதனால் அது பெரிய உதவி.

நிறத்தை மட்டும் வைத்து வேறுபடுத்தவும் வேண்டாம்.

ஈரோட்டுத்தறி | புதன், காலை 9:40

விழிவழி, தானாக மறைவதை நேற்றே எடுத்துவிட்டேன். தலைப்பில் சேர்ப்பதையும் செய்துவிட்டேன். எங்களிடம் ஆர்டர் போடும் கடைக்காரர்களில் பார்வைக் குறைவு உள்ள பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடமே காட்டப் போகிறேன்.

வரியில் இரண்டு பத்தி சேர்த்தாயிற்று. கால்பேக்குகள் போய்விட்டன. கடன் வரம்பு மட்டும் வேலிடேஷனில் எரராக இருக்கிறது. இரண்டு கேள்வி மிச்சம்.

எரர் வந்து படிவத்தை மறுபடி காட்டும்போது திரையில் எதுவுமே மாறுவதில்லை. பட்டனை அழுத்தினால் அப்படியே நிற்கிறது.

சில கடைகள் சிஎஸ்வி கோப்பாக ஏற்றுகின்றன, அது சைட்கிக் என்ற பின்னணி வேலைக் கருவியில் ஓடுகிறது. அங்கே யாருக்கு, எப்போது சொல்வது?

குறுநிரல் | புதன், காலை 9:58

முதலாவது டர்போ (முழுப் பக்கமும் மறுபடி திறக்காமல் மாற்றும் ரெயில்ஸ் கருவி). படிவம் அனுப்பியபின் 200 நிலையோடு பக்கத்தைத் திருப்பினால் டர்போ அதைக் காட்டாது. பிழையோடு படிவத்தைக் காட்டும்போது 422 நிலை கொடுங்கள். செய்தியை ஃப்ளாஷில் போடுகிறீர்கள் என்றால் அங்கே ஃப்ளாஷ் நவ் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த பக்கத்திலும் தொங்கும்.

வைகைக்கரை | புதன், காலை 10:26

இரண்டாவதற்கு: பின்னணி வேலையில் ரிக்வெஸ்டே இல்லை, கடைக்காரர் அதற்குள் உலாவியை மூடியிருப்பார். "இறக்குமதி" என்று ஒரு அட்டவணை வையுங்கள். கோப்பு ஏற்றியதும் அதில் ஒரு பதிவு உருவாகட்டும். சைட்கிக் வேலை ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் எழுதிய அதே கிளாஸை அழைத்து, விடையில் வந்த குறியீட்டையும் மதிப்புகளையும் கோப்பின் வரி எண்ணோடு அந்தப் பதிவின் கீழ் எழுதட்டும். ஏற்க முடியாதவையும் அங்கேயே காரணத்தோடு இருக்கட்டும். ஏற்றியவர் எப்போது வந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். பக்கம் திறந்தே இருந்தால் டர்போ ஸ்ட்ரீம் வழியாக வரிகளை அப்போதைக்கப்போது தள்ளலாம், அது பிறகு சேர்த்துக்கொள்ளக்கூடிய வசதிதான்.

சைட்கிக் ஒரு வேலையை மறுபடி ஓட்டும் என்பதை நினைவில் வையுங்கள். பாதியில் விழுந்து மீண்டும் தொடங்கினால் அதே ஆர்டர் இரண்டு முறை பதியக் கூடாது. இறக்குமதி எண்ணும் வரி எண்ணும் சேர்ந்த தனித்துவ இன்டெக்ஸைத் (அதே ஜோடி இரண்டாம் முறை பதிவதைத் தடுப்பது) தரவுத்தளத்திலேயே போட்டுவிடுங்கள்.

டெஸ்டில் வாக்கியத்தைச் சோதிக்காதீர்கள். குறியீடு "இருப்பு குறைவு" தானா, பாக்கி 12 தானா என்று பாருங்கள். மொழிக் கோப்பில் யாராவது ஒரு சொல்லைத் திருத்தினால் டெஸ்ட் விழக் கூடாது.

ஈரோட்டுத்தறி | புதன், காலை 11:03

422 கொடுத்ததும் எரர் வந்துவிட்டது. இறக்குமதி அட்டவணையை இன்று தொடங்குகிறேன். ஏற்ற முடியாத வரிகளைத் திருத்தி, அவற்றை மட்டும் மறுபடி ஏற்ற வசதி வேண்டும் என்று முதலாளி இப்போதே கேட்டுவிட்டார். காரணங்கள் வரி எண்ணோடு பதிந்திருப்பதால் அதுவும் முடியும் என்று சொல்லியிருக்கிறேன்.